பார்க்கின்சன் உள்ள அம்மாவுக்குக் கண்புரை சத்திரசிகிச்சை: முதலில் மாத்திரை நேரம்

தம்பி கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும். அம்மாவுக்கு 67 வயது. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறார். ஏழு வருடமாகப் பார்க்கின்சன் நோய்க்கு மாத்திரை எடுக்கிறார். இரண்டு கண்ணிலும் கண்புரை. வலது கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்யத் திகதி கிடைத்துவிட்டது. தம்பிக்குக் கொழும்பில் கடை வேலை. தோட்டத்திலிருந்து நாளுக்கு ஒரு போன் வருகிறது: "நடுங்குகிற மனிசிக்குக் கண்ணில் கத்தி வைப்பார்களா?" அம்மாவும் இப்போது வேண்டாம் என்கிறார். இதற்கிடையில், பொழுது சாய்ந்தால் இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) ஒரு சிறுபிள்ளை உட்கார்ந்திருப்பதாக அம்மா சொல்கிறார் என்று கோயிலில் நூல் வேறு கட்டியிருக்கிறார்கள்.

செய்யலாம், தம்பி. பார்க்கின்சன் இருக்கிறது என்பதற்காகக் கண்புரையை அப்படியே விட்டுவிடத் தேவையில்லை. நான் கண் சத்திரசிகிச்சைத் தியேட்டரில் பதினெட்டு வருடம் தாதியாக நின்றவள். கை உதறிக்கொண்டே வந்து படுத்து, ஒரு கண்ணில் மூடி போட்டுக்கொண்டு எழுந்து போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் நடுக்கத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்குப் பயம் வேறொன்றில்: அம்மாவின் மாத்திரை நேரம் தவறிவிடுமோ என்பதில். அதனால் இந்தப் பதிலில் பெரும் பங்கு அதற்கே போகும். நான் டொக்டர் இல்லை. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அம்மாவைப் பார்க்கிற வைத்தியரின் வேலை. அவர்களிடம் எதைக் கேட்க வேண்டும், எதைச் சொல்லாமல் விட்டால் சிக்கல் வரும் என்பதைத்தான் நான் சொல்ல முடியும்.

நடுக்கத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் கையை மடியில் சும்மா வைத்திருக்கும்போது கவனியுங்கள். பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருக்கும். மாத்திரையை உருட்டுவது போன்ற அசைவு என்று வைத்தியப் புத்தகங்களில் எழுதியிருக்கும். எங்கள் பெண்களிடம் அதைப் பார்த்தால் கூடையில்லாமல் கொழுந்து கிள்ளுவது போலத்தான் எனக்குத் தோன்றும். வினாடிக்கு நான்கிலிருந்து ஆறு தடவை வரை வரும் அந்த நடுக்கம், கை ஓய்வாக இருக்கும்போதுதான் அதிகம். பதற்றப்பட்டால் கூடும், தூங்கினால் நின்றுவிடும். கண் வைத்தியருக்குத் தேவை அசையாத தலை. பார்க்கின்சனில் பெரும்பாலும் ஆடுவது கையும் காலும் தாடையும்தான், தலை மட்டும் தனியாக ஆடுவது குறைவு. கை உதறல் பலமாக இருந்தால் அது உடம்பு வழியாகத் தலைக்கு ஏறும். அம்மாவுக்கு எது ஆடுகிறது, மல்லாந்து படுத்தால் கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்து வைத்தியரிடம் சொல்லுங்கள். "நடுக்கம் இருக்கிறது" என்று மொட்டையாகச் சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது.

இனி மாத்திரை.

பார்க்கின்சனில் மூளைக்குள் டோபமைன் என்ற பொருளைச் செய்கிற செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. அம்மா எடுக்கிற லெவோடோபா–கார்பிடோபா மாத்திரையில் உள்ள லெவோடோபா மூளைக்குப் போய் டோபமைனாக மாறுகிறது. ஆனால் அது இரத்தத்தில் நின்று நிலைப்பதில்லை. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். நோயின் ஆரம்பத்தில் மூளைக்குள் ஒரு தொட்டி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை கொஞ்சம் பிந்தினாலும் தொட்டியில் இருப்பது கைகொடுக்கும். வருடங்கள் போகப் போகத் தொட்டி உடைந்துவிடுகிறது. அதன் பிறகு பீலியில் (தோட்டத்துத் தண்ணீர்க் குழாயில்) நேரே பிடித்துக் குடிப்பது மாதிரிதான். தண்ணீர் வருகிற நேரம் உண்டு, நின்றால் அந்த நிமிடமே வாய் காயும். ஏழு வருடமானவருக்குப் பெரும்பாலும் இந்த நிலைதான்.

என் பெரியப்பா கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். பதினோரு வருடம் பார்க்கின்சனோடு இருந்தார். அவருடைய இடது கண்ணுக்குத் திகதி வந்தபோது, நான் வேலை செய்த இடத்தில் இல்லாமல் வேறோர் ஆஸ்பத்திரியில் முதல் நாளே வார்டில் சேர்த்தார்கள். இரவு 12 மணிக்குப் பிறகு வாயில் ஒன்றும் படக்கூடாது என்று கட்டிலில் அட்டை தொங்கியது. அந்த அட்டைக்குச் சோறும் ஒன்றுதான், மாத்திரையும் ஒன்றுதான். காலை 6 மணி மாத்திரை போகவில்லை. 10 மணி மாத்திரையும் போகவில்லை. பதினொன்றரைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவர் வேட்டியைக் கூட இழுத்து விட முடியாமல் கிடந்தார். உதட்டோரம் எச்சில் வழிந்து தலையணை உறையில் ஒரு கையளவு ஈரம். கண் மட்டும் என்னைத் தொடர்ந்து வந்தது. "பெரியப்பா" என்று கூப்பிட்டால் பதில் வர நேரம் பிடித்தது, வந்த பதிலும் காற்றாகத்தான் வந்தது. அப்படியே தள்ளிக்கொண்டு தியேட்டருக்குப் போனார்கள். மேசையில் படுக்க வைத்தால் கழுத்து இறங்கவில்லை. தலை தலையணையில் படாமல் ஒரு சாண் மேலே நின்றது. அன்றைக்குச் சத்திரசிகிச்சை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த திகதி ஏழு வாரம் கழித்து.

அந்த வார்டுத் தாதியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே அட்டையை எத்தனையோ கட்டிலில் நானும் தொங்கவிட்டிருக்கிறேன். பார்க்கின்சன் மாத்திரை மற்ற மாத்திரை போல இல்லை என்று எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான்.

ஏழு வாரம் கழித்துப் போனபோது முன்கூட்டியே பேசி, பட்டியலில் முதல் ஆளாகப் பெயரைப் போட வைத்தோம். காலை ஆறேகாலுக்கு இரண்டு மிடறு தண்ணீரோடு மாத்திரை. ஏழரைக்கு மேசை. இருபது நிமிடத்தில் முடிந்தது. வெளியே வந்தவர் கேட்ட முதல் கேள்வி, பத்து மணி மாத்திரை யாரிடம் இருக்கிறது என்பது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. சத்திரசிகிச்சைக்கு முந்திய பரிசோதனைக்குப் போகும்போது, சாப்பாட்டை நிறுத்தச் சொல்கிறார்களா, பார்க்கின்சன் மாத்திரையை என்ன செய்ய வேண்டும் என்று நேராகக் கேளுங்கள். கண்ணை மட்டும் மரக்கச் செய்து செய்கிற சத்திரசிகிச்சைக்குப் பல இடங்களில் பட்டினியே கேட்பதில்லை. முழு மயக்கம் கொடுப்பதாக இருந்தாலும், ஆறு மணி நேரத்துக்கு முன் சாப்பாட்டையும் இரண்டு மணி நேரத்துக்கு முன் வெறும் தண்ணீரையும் நிறுத்துவதே வழக்கம். மாத்திரையை ஒரு மிடறு தண்ணீரோடு அதன் நேரத்தில் விழுங்குவதற்கு மயக்க மருந்து வைத்தியர்கள் சாதாரணமாக இடம் கொடுப்பார்கள். இதை வாயால் கேட்டுக்கொண்டு வந்தால் போதாது. கிளினிக் புத்தகத்தில் மாத்திரை நேரங்களோடு வைத்தியரின் கையெழுத்தில் எழுதி வாங்குங்கள். வார்டில் இரவு வேலைக்கு வருகிறவர் உங்கள் வாயை நம்ப மாட்டார், அந்த எழுத்தை நம்புவார். மாத்திரைகளை அட்டையோடு கையில் கொண்டுபோங்கள். வார்டில் அந்த நேரத்துக்கு அந்த மருந்து இருக்குமென்று எண்ணிக்கொண்டு போகக்கூடாது. லெவோடோபாவைச் சட்டென்று நிறுத்துவது இறுக்கத்தோடு முடிகிற விஷயம் இல்லை. கடும் காய்ச்சலும் நினைவு தடுமாற்றமும் வந்து உயிருக்கே ஆபத்தாக முடிந்ததும் உண்டு.

திகதிக்கு முந்திய வாரத்தில் மூன்று நாளைக்கு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மாத்திரை எத்தனை மணிக்கு, உடம்பு இளகியது எத்தனை மணிக்கு, மறுபடி இறுகத் தொடங்கியது எத்தனை மணிக்கு. இன்னொன்றும் உண்டு. மாத்திரை உச்சத்தில் வேலை செய்யும்போது சிலருக்குத் தோளும் தலையும் பாம்பு நெளிவது போல் தானாக நெளியும். இது நடுக்கம் இல்லை, மருந்தின் விளைவு. மேசையில் படுத்திருக்கும்போது இந்த நெளிவு நடுக்கத்தைவிடத் தொந்தரவு. அம்மாவுக்கு இது உண்டா, எந்த நேரத்தில் என்றும் குறியுங்கள். இந்த மூன்று நாள் கொப்பியைப் பார்த்தால் எந்த மணிக்கு அவரை மேசையில் ஏற்றலாம் என்று தியேட்டரில் கணக்குப் போடலாம். பட்டியலில் முதல் ஆளாகக் கேளுங்கள். நடுவில் போட்டால் முன்னால் இருக்கிறவருடைய கண் எவ்வளவு நேரம் எடுக்குமென்று யாருக்கும் தெரியாது, கணக்குக் குழம்பிவிடும்.

மாத்திரையை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக எடுப்பது நல்லது. பருப்பு, பால், முட்டை போன்ற புரதச் சாப்பாடு அது உடம்பில் ஏறுவதைத் தடுக்கும். எங்கள் வீடுகளில் மாத்திரையைப் பால் தேநீரோடு விழுங்குகிற பழக்கம் இருக்கிறது. அன்றைக்காவது வெறும் தண்ணீராக இருக்கட்டும்.

பிரயாணத்தையும் இந்தக் கணக்கில் சேருங்கள். கண்டிக்கா, நுவரெலியாவுக்கா என்று நீங்கள் எழுதவில்லை. கண்டி என்றால் ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று அரைநாள் போய்விடும். இருட்டோடு கிளம்பி அன்றைக்கே சத்திரசிகிச்சைக்குப் போவதைவிட முதல் நாள் போய்த் தங்குவது நல்லது. குளிரில் கிளம்பினால் இறுக்கம் இன்னும் கூடும். அந்த வளைவுகளில் வாந்தி வருமென்று பயந்து பார்மசியில் ஒரு மாத்திரை வாங்கிக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். இதில் மிகவும் கவனம். வாந்திக்கும் தலைசுற்றுக்கும் சாதாரணமாகக் கொடுக்கிற மெட்டோகுளோபிரமைட், புரோகுளோர்பெரசின் இரண்டும் டோபமைனின் வேலையைத் தடுக்கிறவை. மெக்சலோன், ஸ்டெமெட்டில் என்ற பெயரில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பார்க்கின்சன்காரருக்கு அவை ஆகாது. டொம்பெரிடோன், ஒன்டன்செட்ரோன் போன்றவை இருக்கின்றன, வைத்தியர் பார்த்துக் கொடுப்பார். ஆஸ்பத்திரியிலும் வாந்தி வந்தால் பழக்கத்தில் மெட்டோகுளோபிரமைட் ஊசியைத்தான் எடுப்பார்கள். கிளினிக் புத்தகத்தின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் "கொடுக்க வேண்டாம்" என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். அதே வரியில் ஹலோபெரிடோலையும் சேர்க்கச் சொல்லுங்கள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு வயதானவர்கள் இரவில் குழம்பிப் பேசினால் அதைக் கொடுக்கிற பழக்கம் இருந்தது.

அம்மா எடுக்கிற மற்ற மருந்துகளையும் கண் வைத்தியர் அறிய வேண்டும். பார்க்கின்சனுக்கே கொடுக்கிற பென்செக்சோல் எடுத்தால் சொல்லுங்கள். அது கண்மணியை விரிக்கும், சிலருக்குக் கண்ணின் அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றும். அதே நோய்க்குச் செலிஜிலின் அல்லது ரசாகிலின் எடுப்பவருக்குப் பெத்திடின் என்ற வலி ஊசி போடவே கூடாது, கண்மணி விரிக்கிற சில சொட்டு மருந்துகளிலும் அளவு பார்க்க வேண்டும். அமன்டடின் எடுத்தால் கருவிழியின் உட்படையைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. அந்த மருந்து அபூர்வமாகக் கருவிழியை வீங்க வைக்கும். அம்மாவுக்குப் பொருந்தாது, ஆனால் வாசிக்கிற அப்பாமாருக்காக ஒன்று: சிறுநீர்த் தொந்தரவுக்கு டம்சுலோசின் எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், எப்போதோ எடுத்து நிறுத்தியிருந்தாலும். சத்திரசிகிச்சை நடுவில் கண்மணித் திரை தொளதொளத்து வைத்தியருக்குத் தலைவலி கொடுக்கிற மருந்து அது.

மேசையில் என்ன நடக்கும் என்பதை அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். அவருடைய பயத்தில் பாதி தெரியாமையால் வருவது. மல்லாந்து படுக்க வேண்டும். முகத்தை ஒரு துணி மூடும், ஒரு கண் மட்டும் வெளியே இருக்கும். துணிக்குள் காற்று வருவதற்குக் குழாய் வைப்பார்கள். கூனல் விழுந்த முதுகென்றால் தலைக்குக் கீழும் முழங்காலுக்குக் கீழும் தலையணை வைத்துச் சரிக்கட்டலாம், நுண்ணோக்கியையும் கொஞ்சம் சாய்க்கலாம். வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள். மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரத்தில் காம்பராக் கட்டிலில் மல்லாந்து படுக்க வைத்து, மெல்லிய துணியால் முகத்தை மூடி, அரை மணி நேரம் பேசாமல் கிடக்க முடிகிறதா என்று பாருங்கள். மூச்சு முட்டுகிறதா, இருமல் வருகிறதா, எச்சில் தொண்டையில் தேங்குகிறதா? பார்க்கின்சனில் எச்சில் விழுங்குவது தாமதமாவதால் மல்லாந்து படுத்தால் புரையேறும். கண் திறந்திருக்கும்போது ஓர் இருமல் வந்தால் வைத்தியரின் கை நின்றுவிட வேண்டும். தியேட்டரில் உறிஞ்சு குழாய் தயாராக இருக்கும், ஆனால் அது தேவைப்படும் ஆள் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். உள்ளே போகுமுன் கழிப்பறைக்குப் போய்வரச் செய்யுங்கள். சிரிக்காதீர்கள், தியேட்டரில் நான் கண்ட அவசரங்களில் பாதி இதுதான்.

அம்மாவின் குரல் மெலிந்திருக்குமே, துணிக்குள் இருந்து அவர் பேசினால் யாருக்கும் கேட்காது. கையைத் தூக்கினால் சுத்தம் செய்த இடம் கெட்டுவிடும். அதனால் பக்கத்தில் நிற்கிற தாதியின் கையைப் பிடித்திருக்கக் கேளுங்கள். அசைய வேண்டும் அல்லது இருமல் வருகிறது என்றால் இரண்டு தரம் அழுத்துவது என்று பேசிக்கொள்ளலாம். அந்தக் கை நடுக்கத்தையும் கொஞ்சம் அடக்கும் என்பது என் அனுபவம். மொழி இன்னொரு சங்கடம். தியேட்டரில் சிங்களத்தில்தான் சொல்வார்கள் என்றால் இரண்டு வாக்கியம் பழக்கிவிடுங்கள்: "எலிய திஹா பலன்ன" என்றால் வெளிச்சத்தைப் பார், "ஹெல்லென்ன எப்பா" என்றால் அசையாதே. தோட்டத்தில் இருந்தவருக்கு இது கஷ்டமில்லை. பார்க்கின்சனில் முகத்துத் தசை இறுகி உணர்ச்சி தெரியாமல் போவதால், அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று அங்கிருப்பவர்கள் நினைத்துக்கொண்டு சத்தம் போட்டுப் பேசக்கூடும். அவருக்கு எல்லாம் விளங்கும், பதில் வரத்தான் நேரமெடுக்கும் என்று நீங்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மரக்கச் செய்வது சொட்டு மருந்தாலா, கண்ணைச் சுற்றிப் போடும் ஊசியாலா என்பது புரையைப் பொறுத்தது. சொட்டு மருந்தில் கண் அசையும், நோயாளி ஒத்துழைக்க வேண்டும். பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு ஊசியையே விரும்புகிற வைத்தியர்கள் உண்டு. எங்கள் பக்கத்து ஆட்கள் புரை நன்றாக முற்றி, பழுப்பாகக் கல் போல் இறுகிய பிறகுதான் வருகிறார்கள். அப்படியென்றால் மூன்று மில்லிமீற்றருக்கும் குறைந்த வெட்டில் ஒலியால் உடைத்து உறிஞ்சுகிற முறைக்குப் பதிலாக, ஆறேழு மில்லிமீற்றர் வெட்டில் புரையை முழுதாக வெளியே எடுக்கிற முறையைத் தெரிவு செய்வார்கள். அதற்கும் பெரும்பாலும் தையல் தேவையில்லை. நேரம் கொஞ்சம் கூடலாம். தலையே பலமாக ஆடுகிறது, படுக்கவே முடியாது என்றால் முழு மயக்கம். மயக்கத்தில் நடுக்கம் இல்லை. ஆனால் மயக்கம் தெளியும்போது குழப்பமும், விழுங்குவதில் சிக்கலும் வரலாம் என்பதால் அதைக் கடைசி வழியாகவே வைப்பார்கள்.

லயத்தில் ஒரு வதந்தி நிச்சயம் ஓடும்: கண்ணை எடுத்துவிட்டு வேறு ஆளுடைய கண்ணை வைப்பார்களாம் என்று. இந்த நாட்டில் 1961 முதல் கண்தானச் சங்கம் இருக்கிறது, இங்கே தானமாகக் கிடைத்த கருவிழிகள் வெளிநாடுகளுக்கும் போகின்றன. அந்தச் செய்தியும் இதுவும் கலந்துவிட்டன. கண்புரையில் மாற்றுவது கண்ணுக்குள் மங்கிப்போன வில்லையை மட்டும்தான். வைப்பது செயற்கை வில்லை.

திகதிக்கு முன்னால் இமைகளைக் கவனியுங்கள். சாதாரணமாக நாம் நிமிடத்துக்குப் பதினைந்து இருபது தடவை இமைப்போம். பார்க்கின்சனில் அது வெகுவாகக் குறையும். கண் காய்ந்துவிடும், இமை விளிம்பில் பொடுகு போல் படியும். அந்தப் படிவில் கிருமி இருக்கும், வெட்டின் வழியாக அது உள்ளே போனால் கண்ணே போய்விடக்கூடிய தொற்று. இரண்டு வாரத்துக்கு முன்பிருந்தே கொதித்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியால் காலையும் மாலையும் இமைக்கு ஒத்தடம் கொடுத்து விளிம்பைத் துடையுங்கள். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டுத் தேவையா என்று கேளுங்கள். வில்லையின் அளவு எடுக்கிற நாளிலும் மாத்திரை நேரம் பாருங்கள். கண் காய்ந்து, தலை ஆடிக்கொண்டிருக்கும்போது எடுத்த அளவு பிசகும்.

இஸ்தோப்புப் பிள்ளைக்கு வருகிறேன். கட்டிய நூல் கட்டியபடி இருக்கட்டும், அதோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அம்மா காண்பது பார்க்கின்சனில் வழக்கமாக வருகிற தோற்ற மயக்கம். பெரும்பாலும் பிள்ளைகளையும் நாய் பூனைகளையும்தான் காண்பார்கள், பெரும்பாலும் மங்கல் வெளிச்சத்தில். பார்வை குறையக் குறைய மூளை விட்ட இடத்தைத் தானே வரைந்து நிரப்புகிறது. பென்செக்சோல் போன்ற மருந்து அதைக் கூட்டும், சிறுநீர்த் தொற்றும் கூட்டும். நரம்பு வைத்தியரிடம் இதைச் சொல்லியிருக்கிறீர்களா? நோயாளிகள் பைத்தியம் என்பார்களே என்று மறைப்பார்கள். புரை போனதும் இந்தக் காட்சிகள் குறைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், குறையாதவர்களையும் பார்த்திருக்கிறேன். உறுதி தர மாட்டேன். அதேபோல வாசிக்கும்போது எழுத்து இரட்டையாகத் தெரிந்தால், அது இரண்டு கண்ணும் ஒன்றுசேர்ந்து உள்நோக்கித் திரும்பாத பார்க்கின்சன் கோளாறாக இருக்கலாம். சத்திரசிகிச்சையால் அது போகாது. விழித்திரையிலும் டோபமைன் வேலை செய்கிறது, எனவே சாம்பல் படியில் சாம்பல் பூனை தெரியாத மங்கலும் கொஞ்சம் மிஞ்சும். அந்தக் காரணத்துக்காகவே தூரம் கிட்டம் இரண்டும் காட்டுகிற விலை கூடிய வில்லையை இவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அது மங்கலை இன்னும் கூட்டும். சாதாரண ஒற்றைத் தூர வில்லை போதும்.

நடையில்தான் நல்ல மாற்றம் எதிர்பார்க்கலாம். கால் தரையில் ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கிறதே, அப்போது இவர்கள் கண்ணைத்தான் ஊன்றுகோலாகப் பிடிக்கிறார்கள். தரையில் ஒரு கோடு இருந்தால் அதைத் தாண்ட வேண்டுமென்று கால் எழும். கண் தெரியாவிட்டால் அந்த ஊன்றுகோலும் இல்லை. 70 வயது தாண்டிய பெண்களிடம் இங்கிலாந்தில் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், முதல் கண்ணுக்குச் சீக்கிரம் சத்திரசிகிச்சை செய்தவர்கள் விழுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அவர்கள் பார்க்கின்சன்காரர்கள் என்று தெரிந்தெடுத்தவர்கள் இல்லை, இருந்தாலும் எங்கள் லயத்துப் படிகளை நினைக்கும்போது அந்த ஆய்வு எனக்கு ஞாபகம் வரும். அம்மா வீடு திரும்புமுன் ஒவ்வொரு படியின் விளிம்பிலும் நாலு விரல் அகலத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு போட்டு வையுங்கள். பெரியப்பா வீட்டில் பதின்மூன்று படிக்கும் போட்டோம். மழைக்குக் கரையும், மாதம் ஒருமுறை திரும்பப் போட வேண்டும்.

சத்திரசிகிச்சை முடிந்ததும் மேசையிலிருந்து சட்டென்று எழுப்பக் கூடாது. இவர்களுக்கு எழுந்தவுடன் இரத்த அழுத்தம் விழும். உட்கார வைத்து, கொஞ்ச நேரம் காலைத் தொங்கப் போட்டு, அதன் பிறகு நிற்கட்டும். வெளியே வந்ததும் அடுத்த மாத்திரை நேரம் பார்க்க வேண்டும்.

சொட்டு மருந்து வழக்கமாக நான்கு வாரம் அல்லது அதற்கும் மேலே, நாளுக்குப் பல தடவை. நடுங்கும் கையால் அம்மா தானே போட முடியாது, போட விடவும் கூடாது. குப்பியின் முனை கண்ணில் குத்திவிடும். யார் போடுவது என்று திகதிக்கு முன்பே முடிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டுப் பெண் கொழுந்துக்குப் போய்விட்டால் நண்பகல் சொட்டு யார் கையில்? கண்ணை இறுக்கி மூடுகிறார் என்றால் மல்லாந்து படுக்க வைத்து, மூடிய கண்ணின் மூக்கோர மூலையில் ஒரு சொட்டு விட்டு, பிறகு கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள். தானாக உள்ளே இறங்கும்.

இரவில் பிளாஸ்டிக் மூடியைக் கட்டாயம் ஒட்டுங்கள். மற்றவர்களுக்கு ஒரு வாரம் என்றால் இவர்களுக்குக் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். காரணம் சொல்கிறேன். பார்க்கின்சன் உள்ள பலர் கனவில் நடப்பதை உடம்பாலும் நடிப்பார்கள். பெரியப்பா தூக்கத்தில் பெரட்டு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கு) கூப்பிடுவார். பெயர் கூப்பிட்டு, வராதவரைத் திட்டி, கையை ஓங்குவார். மூன்றாம் நாள் இரவு அந்த ஓங்கிய கை அவருடைய கண் மேலேயே விழுந்தது. காலையில் மூடியில் விரிசல் ஓடியிருந்தது, உள்ளே கண்ணுக்கு ஒன்றுமில்லை. மூடி இல்லாதிருந்தால் என்னவாகியிருக்குமென்று பெரியம்மா கேட்டபோது நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

பீலித் தண்ணீர் கண்ணில் படக்கூடாது. தலைக்கு ஊற்றுவதை வைத்தியர் சொல்லும்வரை நிறுத்தி, முகத்தை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். விறகடுப்புப் புகையிலிருந்து தள்ளி உட்கார வையுங்கள். குனிந்து விறகு தூக்குவது, குடம் தூக்குவது சில வாரத்துக்கு வேண்டாம். முதல் வாரத்தில் வலி கூடினாலோ, கண் சிவந்து பார்வை குறைந்தாலோ தோட்டத்து டிஸ்பென்சரி திறக்கும்வரை, லொறி வரும்வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே கண் வைத்தியரிடம் போக வேண்டும். வாகனம் இல்லையென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அது இலவசம்.

இடது கண்ணையும் தாமதிக்காமல் கேளுங்கள். ஒரு கண் தெளிந்து மற்றது மங்கலாகவே இருந்தால் படியின் ஆழம் கணக்குத் தெரியாது. இடையில் பழைய மூக்குக் கண்ணாடி பொருந்தாது, புதியதைக் கண் ஆறிய பிறகு, ஏறக்குறைய ஆறு வாரத்தில் எழுதித் தருவார்கள். அதில் மேலே தூரம், கீழே கிட்டம் என்ற இரட்டைக் கண்ணாடி வேண்டாம். கீழ்ப் பாதி வழியாகப் படியைப் பார்த்தால் படி இருக்கிற இடத்தில் இருக்காது. நடக்க ஒன்று, கிட்டப் பார்க்க ஒன்று என்று தனித்தனியாகச் செய்யுங்கள்.

மூன்று நாள் கொப்பியை எழுதி முடித்ததும் மாத்திரையின் பெயரையும் அளவையும் சேர்த்து இங்கேயே போடுங்கள், தம்பி. எந்த மணிக்கு மேசையைக் கேட்பது என்று நானும் ஒரு கணக்குப் போட்டுச் சொல்கிறேன். அதை வைத்தியரிடம் காட்டி அவர் சொல்வதைச் செய்யுங்கள்.